பூஜையில் வைத்த ஸ்டேரிங்

இப்பவும் யார் காரில் ஏறினாலும் என் கண் முதலில் போய் நிற்பது ஸ்டேரிங் மேலேதான். வண்டி நேராகப் போகும்போது அதன் ரெண்டு கம்பியும் தராசுத் தண்டு மாதிரி சமமாக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் சாய்ந்து உட்காருவேன். என் மருமகன் சிரிப்பார். "என்னங்க அத்தை, லைசென்ஸ் எடுக்கப் போறீங்களா?" என்பார். அவருக்கு நான் என்னவென்று சொல்வது?

உங்களுக்குச் சொன்னால் புரியும். சனிக்கிழமை பெருமாள் கோயிலில் பஜனை முடிந்து, கையில் பொங்கல் தொன்னையோடு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பழைய கதை சொல்கிறீர்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். எனக்கு வாய்ப்பேச்சு கோவையாக வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அஞ்சாவதோடு நின்ன படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் அப்போது ஒரு சவ்வரிசி மில் இருந்தது. எங்கப்பா அந்த மில் முதலாளியின் கார் டிரைவர். அம்மாவுக்கு அதே மில்லில் களத்து வேலை. மரவள்ளிக்கு எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்று பேர். அதைத் தோல் சீவி, அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் உறைய விட்டு, அந்த மாவைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டி ஆட்டி மணியாக்குவார்கள். கிழங்கு வரத்து ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊர்க் காற்றே புளித்துப் போகும். சோற்றில், துணியில், அம்மாவின் தலைமயிரில் எல்லாம் அந்தப் புளித்த வாசனைதான். ஊருக்குப் புதுசாக வருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எனக்கு அதுதான் அம்மா வாசனை.

களத்தில் சவ்வரிசியைப் பரப்பிக் காயவிட்டிருக்கும்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெயில் ஏற ஏற அது வெள்ளையிலும் வெள்ளையாகும். பௌர்ணமியை அரைத்துத் தரையில் கொட்டின மாதிரி இருக்கும். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கி, பலகையால் தள்ளிக்கொண்டே போவார்கள். லீவு நாளில் நான் ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். களத்துக்கு அப்பால் போதமலை கானலில் தண்ணிக்குள் இருக்கிற மாதிரி நெளியும். பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும். தூங்கினால் அதே வெள்ளைதான் கனவிலும் வரும்.

முதலாளியின் காரும் வெள்ளை. எங்கள் பக்கம் அப்போது காருக்குப் பிளசர் என்றுதான் பேர். உள்ளே ஏறினால் ரெக்சின் சூடு, பெட்ரோல் வாசனை, அதோடு கலந்து ஒரு தாழம்பூ வாசனை. அது முதலாளியம்மாவினுடையது. அவர்கள் எப்போதும் பின்சீட்டில் இடதுபக்கம் உட்காருவார்கள். சிவப்புத் துணியில் கரை தைத்த ஒரு பனையோலை விசிறி வைத்திருப்பார்கள். கார் ஓடும்போது காற்று வரத்தானே செய்யும், அப்போதும் விசிறிக்கொண்டே இருப்பார்கள். அந்த விசிறி இப்போது எங்கே போனதோ, யார் குப்பையில் போட்டார்களோ.

அந்த வருஷம் ஆடியில் முதலாளியம்மா காலமாகிவிட்டார்கள். ரெண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அதற்கப்புறம் முதலாளி பேசுவதே குறைந்துபோச்சு. மில்லுக்கு வருவார், தொட்டிகளைப் பார்ப்பார், போவார். விசிறி மட்டும் பின்சீட்டிலேயே கிடந்தது. அதை எடுக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை. அப்பாவும் தொடவில்லை. காரைத் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைப்பார்.

புரட்டாசி பிறந்தது. நவராத்திரி வந்தது.

மற்ற வருஷமெல்லாம் ஆயுத பூஜைக்குக் காரை மில் கேட்டுக்கு முன்னால் கழுவி நிறுத்துவார்கள். முதலாளியம்மா தன் கையாலேயே சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். எங்களுக்கெல்லாம் பொரியும் கடலையும் தேங்காய்ச் சில்லும் காகிதத்தில் மடித்துக் கிடைக்கும். அந்த வருஷம் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஊட்ல பெரிய காரியம் நடந்து போச்சு. ஒரு வருசத்துக்கு மில்லுல பூசை புனஸ்காரம் எதுவும் வேண்டாம். ரெண்டு நாள் லீவு வுட்டுக்கலாம். அவங்கவங்க ஊட்ல கும்பிட்டுக்குங்க."

அது முறைதானே. துக்க வீட்டில் பண்டிகை கிடையாது. எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எங்கப்பாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

எங்கப்பா பக்தியை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். குங்குமப் பொட்டலம் இல்லாமல் சட்டை போட மாட்டார். காரில் ஏறும் முன்னால் ஸ்டேரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பூஜைக்கு முந்தின நாள் அவர் அம்மாவிடம் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"வருசத்துக்கு ஒருக்கா கைக்கருவிக்குச் செய்யறத வுட்டுப்போட்டு, நாளன்னிக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அதத் தொடறது?"

"அவங்க ஊட்டுத் துக்கம், அவங்க வண்டி. நீங்க என்ன பண்ண முடியும்?" என்றாள் அம்மா.

"வண்டி அவங்களுதுதான். எங்கைக்கருவி எது சொல்லு? இஞ்சினா, டயரா? பொழுதன்னிக்கும் நான் புடிச்சிட்டிருக்கறது ஸ்டேரிங்கு. அது மட்டும் என்னுது."

"அதுக்கு?"

"அத மட்டும் கழட்டி ஊட்டுக்குக் கொண்டாந்துட்டா?"

அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனுங்க, புத்தி கித்தி பெரண்டு போச்சா? அப்ப சமையக்காரன் முதலாளி ஊட்டு அடுப்பப் பேத்துட்டு வருவானா?"

"அடுப்ப எதுக்குப் பேக்கறான்? கரண்டிய எடுத்துட்டு வருவான்."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளால் தடுக்க முடியவில்லை.

பூஜையன்று மத்தியானம் மில் காலியாக இருந்தது. பின்பக்கத்து ஷெட்டில் கார் நின்றது. வாசலை மூட்டைகள் அடைத்திருந்ததால் அப்பா காரை ஒடித்து ஒடித்துப் பின்னால் ஏற்றி நிறுத்தியிருந்தார். முன்சக்கரம் ரெண்டும் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. அம்மா என்னையும் கூட அனுப்பியிருந்தாள். நான் பின்சீட்டில், விசிறி மேல் படாமல் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைக் கழற்றினார். "ஏம்ப்பா?" என்றேன். "இல்லீனா ஹாரன் அடிச்சு ஊரக் கூட்டிரும் சாமி" என்றார். எங்கள் பக்கம் பிள்ளைகளைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்புறம் நடுவிலிருந்த ஹாரன் மூடியை எடுத்தார். உள்ளே பெரிய நட்டு. ஸ்பேனரைப் போட்டு அதைத் தளர்த்தினார். முழுசாக எடுக்கவில்லை, நாலு சுற்று மிச்சம் விட்டு வைத்தார்.

"முழுசா எடுத்துட்டு இழுத்தமுன்னா திடீர்னு புடுங்கிட்டு வந்து மூக்கப் பேத்துரும். நட்டு இருந்தா அது தடுத்துக்கும்."

முழங்காலை அணை கொடுத்து, ரெண்டு கையாலும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். டொக்கென்று விட்டது. பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். தண்டின் முனையைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பல் இருந்தது. ஸ்டேரிங்கின் நடு ஓட்டைக்குள்ளும் அதே மாதிரி பல்.

"எந்தப் பல்லுல எந்தப் பல்லு உக்காந்திருந்துச்சோ அதுலயேதான் மறுக்கா உக்காரோணும். ஒரு பல்லு தப்புனாலும் ரோடு நேராப் போகும், ஸ்டேரிங்கு கோணையா நிக்கும்."

அடையாளத்துக்கு ஆணியால் ஒரு கோடு கிழிக்கலாம். பக்கத்திலேயே ஆணி கிடந்தது. எடுத்தார், யோசித்தார், கீழே போட்டுவிட்டார். அடுத்தவர் பொருளில் கீறல் போடுவது அவருக்கு மனசு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து மாரியாத்தா கோயில் குங்குமத்தை எடுத்து, விரலைத் தண்ணியில் நனைத்துத் தொட்டு, தண்டு முனையில் ஒரு பொட்டு, அதற்கு நேராக ஸ்டேரிங் ஓட்டையின் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தார். அதைவிட நல்ல அடையாளம் உலகத்தில் உண்டா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

துண்டில் சுற்றித் தோளில் சார்த்திக்கொண்டு நடந்தோம். வழியில் ஒருத்தர், "என்ன டிரைவரே, சல்லடையா?" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குளிக்கப் போய்விட்டார். அங்கேதான் காரியம் கெட்டது. எங்கம்மா சாமி முன்னால் கழுவாத பொருளை வைக்கவே மாட்டாள். தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் போட்டுத் தேய்த்து, துவைக்கிற கல்லில் வைத்து, தண்ணி ஊற்றி ஊற்றி அந்த ஸ்டேரிங்கைக் கழுவினாள். துடைத்தாள். சந்தனம் பூசினாள். உரலுக்கு வைக்கிற மாதிரி அந்த நடு ஓட்டையைச் சுற்றி வரிசையாகக் குங்குமப் பொட்டு வைத்தாள். செவ்வந்திச் சரத்தைச் சுற்றினாள்.

அப்பா ஈரவேட்டியோடு வந்து நின்றார். அருவாளுக்கும் மம்மட்டிக்கும் என் சிலேட்டுக்கும் நடுவில், சுவரில் சாய்ந்து, பூ சுற்றி அது உட்கார்ந்திருந்தது. அப்பா வாயைத் திறந்தார். என்னமோ சொல்ல வந்தார். அப்புறம் கண்ணில் தண்ணி கட்டி, கையைக் கூப்பிவிட்டார். அவ்வளவு அழகாக இருந்தது. தான் வைத்த பொட்டு போன விஷயம் அவருக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.

அன்று சாயந்திரத்தை நான் எப்படி எழுதுவது? கற்பூரம் அணைந்து, வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் நின்றது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. நான் அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தொடாமலே ஓட்டினேன். விளக்கு அசைந்தால் அதன் நிழல் சுவரில் வட்டமாகத் திரும்பும். நிழல் இடது பக்கம் போனால் நான் இடது பக்கம் சாய்வேன். மில் களத்து வெள்ளைமேல் ஓட்டினேன், சவ்வரிசி ஒன்றுகூட நசுங்கவில்லை. கொல்லிமலை வளைவெல்லாம் ஏறினேன். நாமக்கல்லுக்குப் போய் மேலே கூரையில்லாமல் நிற்கிற ஆஞ்சநேயரைப் பார்த்துக் கும்பிட்டேன். அப்புறம் கடலுக்குப் போனேன். கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் அது எங்கள் மில் மாவுத்தொட்டி மாதிரியே வெள்ளையாக, ஆடாமல், கரை தெரியாமல் இருந்தது. முதலாளியம்மா பின்சீட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகலாமுங்க என்று கேட்டேன். போயிட்டே இரு சாமி என்றார்கள். அப்படியே தூங்கிப் போனேன்.

விடிந்ததும் மறுபூஜை முடித்துச் சாவகாசமாகக் கொண்டுபோய் மாட்டலாம் என்று அப்பா இருந்தார். ஆனால் மில் மேனேஜர் சைக்கிளில் வந்து வாசலில் மணியடித்தார். இவர் எப்போதும் அப்படித்தான், இறங்கமாட்டார், ஒரு காலை ஊன்றிக்கொண்டே பேசுவார்.

"டிரைவரே, சேலம் சூரமங்கலத்துல முதலாளியோட மச்சான் ரயில்ல வந்து எறங்கறாராம். ஒடனே வண்டிய எடுக்கோணும்."

அப்பா பூவைக் கூட முழுசாக எடுக்காமல் துண்டில் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடினார். ஷெட்டில் போய்த் தண்டைப் பார்த்தால் அதில் ஒரே ஒரு பொட்டு. ஸ்டேரிங்கைத் திருப்பிப் பார்த்தால் சுற்றிலும் பொட்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. எது தன்னுடைய பொட்டு? முன்சக்கரமும் கோணலாக நிற்பதால் கம்பியைப் பார்த்தும் தெரியாது. அதற்குள் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. மாரியாத்தா என்று சொல்லி ஒரு பொட்டைத் தண்டுப் பொட்டுக்கு நேராக வைத்து அழுத்தி நட்டைப் பூட்டி, மூடியையும் வயரையும் மாட்டி, வெளியே தெரிந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்.

சேலம் ரோடு நேர்ரோடு. நேராகப் போனால் ஸ்டேரிங் இடது பக்கம் தொங்கியது. பின்சீட்டிலிருந்து முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏப்பா, ஸ்டேரிங் ஏன் சாஞ்சு கெடக்குது? முந்தாநாள் நேராத்தான இருந்துச்சு?"

அப்பா வாய் திறக்கவில்லை. துக்க வீட்டு வண்டிக்குள், அந்த அம்மாவின் விசிறி கிடக்கிற சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நான் பூஜை போட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டதுதான் வினையாகப் போச்சு.

ஏனென்றால் பூஜையன்று சாயந்திரம் ராசிபுரம் ரோட்டில் ஒரு பால்காரரை ஏதோ வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்பா சூரமங்கலத்திலிருந்து திரும்பி வருவதற்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. எதன் மேலாவது மோதினால் முன்பக்கம் கோணிக்கொள்ளும், ஸ்டேரிங் சாயும் என்பது எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் மில் திறந்ததும் அப்பாவைக் களத்துக்குக் கூப்பிட்டார்கள். கார் களத்து ஓரத்தில் நின்றது. முதலாளி கையைப் பின்னால் கட்டி நின்றார். அம்மாவும் மற்றப் பெண்களும் பலகையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூட லீவு முடியவில்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"லீவு நாள்ல வண்டிய எடுத்தயா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க."

"பொறகு ஸ்டேரிங் எப்படிக் கோணுச்சு?"

அப்பா தரையைப் பார்த்தார்.

மேனேஜர் பல்லைக் காட்டினார். "அவரு எப்படிங்க சொல்லுவாரு? பால்காரன் சொல்லோணும். சாமி கும்புடறவருங்களே, போலீஸ்ல வெச்சுக் கேட்டா தேவாரமாப் பாடுவாரு."

அப்பாவின் வேலை மட்டுமில்லை, பேரும் போகப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பலகையைப் போட்டுவிட்டு முன்னால் போனாள்.

"ஏனுங்க முதலாளி, நாஞ் சொல்றனுங்க. பூசையன்னிக்கு அந்த ஸ்டேரிங்கு எங்கூட்ல சாமிகிட்ட இருந்துச்சுங்க. அது இல்லாம வண்டி எப்படீங்க ரோட்டுக்குப் போகும்?"

பெண்கள் நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம். மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். "ஸ்டேரிங்கக் கழட்டி ஊட்ல வெச்சுப் பூசையா? ஏம்மா, யாரு காதுல பூச் சுத்தற? அடுத்த வருசம் இந்த மில்லப் பேத்துட்டுப் போயிருவீங்களாட்ட இருக்குது!"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. உங்கூட்ல இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாந்தானுங்க ஓட்டுனேன். கொல்லிமலைக்குப் போனனுங்க. கடலுக்குப் போனனுங்க."

இந்தத் தடவை எல்லாருமே சிரித்துவிட்டார்கள். "சொல்லிக் குடுத்தத மறந்துபோட்டுப் புள்ள என்னமோ ஒளறுது" என்றார் மேனேஜர். அத்தனை பெரியவர்கள் நடுவில் நடந்ததை நடந்தபடி சொன்னது நான் ஒருத்திதான். அதையும் யாரும் நம்பவில்லை.

அப்பா போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். காரில் ஏறினார். அவசரத்தில் பேட்டரி வயரைக் கழற்ற மறந்துவிட்டார். மூடியில் கை வைத்ததும் ஹாரன் பிடித்துக்கொண்டது. அலறு அலறு என்று அலறுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. களத்தில் மேய்ந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டு, "ஆத்தா மகமாயி" என்று சவ்வரிசி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஓடிப்போய் பானெட்டைத் தூக்கி வயரைப் பிடுங்கின பிறகுதான் ஓய்ந்தது. அந்த ஓய்வில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூடியை எடுத்தார். நட்டைத் தளர்த்தி, ஆட்டி, ஸ்டேரிங்கை வெளியே எடுத்து முதலாளிக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்.

ஓட்டையைச் சுற்றிக் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இடுக்கில் ஒரு செவ்வந்தி இதழ். தண்டு முனையில் ஒற்றைப் பொட்டு.

முதலாளி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மேனேஜர் மட்டும் விடவில்லை. "பூச போட்டது நெசமாவே இருக்கட்டுமுங்க. இடிச்சுப்போட்டு வந்து, பயத்துல அப்பறமாக் கழட்டிப் பொட்டு வெச்சிருக்கலாமில்லீங்களா? அதுக்கு யாரு சாட்சி?"

அதுவும் சரிதானே. குங்குமத்தில் நாள் கிழமை எழுதியிருக்குமா? அம்மா பேச்சு, என் பேச்சு எதுவும் செல்லவில்லை. அப்பா அந்த ஸ்டேரிங்கைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

முதலாளியின் கண் குங்குமத்தை விட்டு எடுபடவில்லை. குரல் மட்டும் மாறியிருந்தது.

"வருசா வருசம் அவதான் இதுக்குப் பொட்டு வெப்பா." அப்புறம் அப்பாவைப் பார்த்தார். "ஏப்பா, இதச் சாமி முன்னால வெச்சுக் கும்பிட்டயே. அப்ப அவளக் கொஞ்சம் நெனச்சுக்கிட்டயா?"

அப்பாவுக்குப் பின்னால் நின்ன அம்மா, அவர் பார்க்க மாட்டாரா என்று, ஆமாம் சொல்லுங்க ஆமாம் சொல்லுங்க என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. ஆமாங்க என்றால் போதும். அந்த மனுஷன் அதைத்தான் கையேந்திக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. ஏதோ பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் ஞாபகம் வந்துதா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நான் கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா ஸ்டேரிங்கைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார். "எங்கையும் கண்ணும் நல்லா இருக்கோணும், எம்புள்ளைக்குச் சோத்துக்குக் கொறை வரக்கூடாதுன்னுதான் கும்பிட்டனுங்க. அம்மா நெனப்பு அப்ப வரலீங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கும்பலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

முதலாளி முகம் ஒரு நிமிஷம் அடி வாங்கின மாதிரி ஆனது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"எம்மனசு குளுரட்டும்னு ஒரு பொய் சொல்லக்கூட இவனுக்கு வாய் வரல. பால்காரன் பேச்ச இதோட வுடு. இந்த வண்டி அன்னிக்கு எங்கயும் போகல." பிறகு அப்பாவிடம், "மாட்டுப்பா. இந்தத் தடவ நேரா மாட்டு" என்றார்.

அப்பா ஸ்டேரிங்கைச் சும்மா பல்லில் செருகி, களத்து நேர்க்கரையை ஒட்டிக் காரைத் தள்ளச் சொன்னார். பெண்களே தள்ளினார்கள். மெதுவாக, நேராக, கொஞ்ச தூரம். முன்சக்கரம் ரெண்டும் நேராக வந்ததும் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்க் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஏறி, சக்கரம் அசையாமல் ஸ்டேரிங்கை மட்டும் தூக்கி, ரெண்டு கம்பியும் சமமாக வரும்படி பல்லுக்குப் பல் பொருத்தி அழுத்தினார். நட்டை இறுக்கினார். மூடியைப் போட்டு, வயரை மாட்டினார். குங்குமத்தைத் துடைக்கட்டுங்களா என்று கேட்டதற்கு முதலாளி வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

பிறகு முதலாளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதுவரை அவர் முன்சீட்டில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கார் கேட்டைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. ரெண்டு பேர் முகமும் லேசாக இருந்தது. பால்காரரை இடித்தது எந்த வண்டி என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. அவருக்குக் கால் கூடி, பழையபடி சைக்கிளில் பால் கொண்டு வந்தார். அது மாரியாத்தா புண்ணியம்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா அப்பாவை விட்டுவைக்கவில்லை.

"ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா உங்க வாயில இருக்கற முத்தா கொட்டீரும்? பாவம் அந்த மனுசன் மொகம் எப்படிச் சுருங்கிப் போச்சு."

"சாமிகிட்ட கேட்டத மாத்திச் சொல்லச் சொல்றயா?" என்றார் அப்பா. ஆனால் வழியெல்லாம் துண்டைத் தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டே வந்தார்.

பொழுது சாய்ந்து அம்மா விளக்கேற்றினாள். அப்பா கும்பிட நின்றார். வழக்கமாகப் படக்கென்று முடித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அன்று நின்றவர் நின்றபடியே இருந்தார். திரி ஒருதரம் மங்கி, அம்மா வந்து தூண்டிவிட்டுப் போனாள். அப்போதும் அவர் கண் திறக்கவில்லை. எனக்கோ பசி. வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"என்னப்பா இவ்வளவு நேரம் வேண்டிக்கிட்ட?"

"அந்தம்மாவ நெனச்சுக்கிட்டேன் சாமி," என்றார். "முதலாளி நாளைக்குக் கேட்டா ஆமான்னு சொல்லலாம்."

முதலாளி மறுநாளும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எப்போதும் கேட்கவில்லை. அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும் விளக்கு முன்னால் அந்தக் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுகொண்டுதான் இருந்தார்.